ஒரே பெயர், வேறு படம்: எண்ணிம ஒளிப்படத் தொகுப்புகளில் கோப்புப்பெயர் மோதலும் புலம்பெயர் தமிழர் ஆவணங்களும்

முன்னுரை

2003ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் தமையனாரும் நானும் கனடாவிலிருந்து ஈழத்துக்குச் சென்று வந்தோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, அவ்வாண்டிலேயே ஏ-9 நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டிருந்தமையால், நீண்ட காலம் ஊர் காணாதிருந்த பலரும் அந்நாள்களில் அவ்வாறே சென்றனர். பயணத்துக்கென்று இருவரும் ஒரே நிறுவனத்தின் எண்ணிமக் கமெராக்களைப் புதிதாக வாங்கியிருந்தோம். தமையனார் யாழ்ப்பாண நகரில் தங்கினார். நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் எம் தாயார் பிறந்த வீட்டையும், அதன் கிணற்றையும், அயலில் வாழ்ந்த முதியோரையும் படம் பிடித்தேன்.

திரும்பி வந்ததும் என் படங்களைக் கணினியில் ஒரு கோப்புறையில் இட்டு, நினைவட்டையை அழித்துவிட்டேன். மறுவாரம் தமையனாரின் படங்களையும் அதே கோப்புறையில் இட்டேன். இதே பெயரில் கோப்பு உள்ளது, அதனை மாற்றவா என்று கணினி வினவியது. புதியவற்றைச் சேர்ப்பதற்கே அனுமதி கேட்கிறது என்று எண்ணி, அனைத்துக்கும் ஆம் என்று விடையளித்தேன். இரு கமெராக்களும் 0001 என்னும் எண்ணிலிருந்தே தம் எண்ணிக்கையைத் தொடங்கியிருந்தன. தமையனாரின் படங்கள் 0187 வரை சென்றன; என் படங்கள் அதற்கு மேலும் சென்றன. ஆகவே என் முதல் 187 படங்களும் அவருடையவற்றால் மேலெழுதப்பட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்த கடைசிப் படங்கள் மட்டும் எஞ்சின. கோப்புறையின் பட்டியலில் எண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தமையால் இழப்பு என் கண்ணிற் படவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையை அழித்த பின்னர், தாயார் தம் வீட்டின் படத்தைக் கேட்டபோதே அதனை அறிந்தேன். வீடும் இல்லை, படமும் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு மட்டுமன்று. புலம்பெயர் தமிழர் தம் வாழ்வை எண்ணிம வடிவிற் பதிவு செய்யத் தொடங்கிய காலத்தின் பொதுவான ஆவணச் சிக்கல் இதில் அடங்கியுள்ளது. கோப்புப்பெயர் என்னும் ஏற்பாடு எக்காரணத்தால் உருவானது, அது ஏன் நூலகத் தேவைக்குப் போதவில்லை, தமிழ் எழுத்து அதில் எவ்வகைத் தனிச்சிக்கலைத் தோற்றுவிக்கிறது, நம் மரபு இத்தகைய பெயர் மயக்கத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எட்டு எழுத்துப் பெயரின் தோற்றம்

எண்ணிமக் கமெரா இடும் பெயரின் வடிவம் ஒளிப்படக்கலையிலிருந்து தோன்றியதன்று. 1970களில் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். என்னும் இயங்குதளத்தில், நெகிழ்வட்டின் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டு இடம் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் 11 பைட்டுகள் பெயருக்கு உரியவை: பெயருக்கு எட்டு, வகையைக் குறிக்கும் பின்னொட்டுக்கு மூன்று. 1981இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் இயங்குதளமும் இவ்வளவையே பின்பற்றியது. 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடமளித்தபோதிலும், சிறு கருவிகளின் உலகில் எட்டெழுத்துப் பெயரே பொது அளவாக நிலைத்தது.

1998 டிசம்பரில் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் டி.சி.எஃப். என்னும் கமெராக் கோப்பு விதிமுறையை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் கமெராவில் எடுத்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவியிலும் காண இயலவேண்டும் என்பதே அதன் நோக்கம். நினைவட்டையில் டி.சி.ஐ.எம். என்னும் கோப்புறை இருத்தல் வேண்டும். அதனுள் 100 முதல் 999 வரையான எண்ணுடன் தொடங்கும் உட்கோப்புறைகள் அமையவேண்டும். படத்தின் பெயரில் முதல் நான்கு இடங்கள் நிறுவனத்தின் விருப்பத்துக்கு உரியவை. பின் நான்கு இடங்களில் 0001 முதல் 9999 வரையான எண் வரவேண்டும். கனன் கமெராக்களின் ஐ.எம்.ஜி., ஃபூஜி கமெராக்களின் டி.எஸ்.சி.எஃப். ஆகிய முன்னொட்டுகள் இவ்விதிமுறையின் வழிப் பிறந்தவையே.

இவ்விதிமுறை தான் ஏற்ற பணியைச் செவ்வனே செய்தது. ஓர் உட்கோப்புறைக்குள் ஓர் எண் இருமுறை வாராது. ஆயின் அது உறுதியளித்த தனித்தன்மை அந்த உட்கோப்புறையின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். 9999ஐ எட்டிய கமெரா புதிய உட்கோப்புறையில் மீண்டும் 0001இலிருந்து தொடங்கும். அட்டையை மாற்றும்போதெல்லாம் எண்ணை முதலிலிருந்து தொடங்குமாறு அமைத்துக்கொள்ளும் வசதியும் பல கமெராக்களில் உண்டு. இலட்சக்கணக்கான கமெராக்கள் பத்தாயிரத்துக்கும் குறைவான எண்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. கமெராவின் பெயரீடு அட்டைக்காக வகுக்கப்பட்டது. நாமோ அதனை நூலகத்தின் பெயரீடாகக் கொண்டோம். சிக்கலின் வேர் இதுவே.

படச்சுருள் காலத்தில் இந்நிலை இல்லை. 36 படங்கள் கொண்ட சுருளின் விளிம்பிலும் எண்கள் இருந்தன. எல்லாச் சுருள்களிலும் அதே எண்களே இருந்தன. எனினும், ஒரு சுருளின் ஐந்தாம் படம் இன்னொரு சுருளின் ஐந்தாம் படத்தை அழித்துவிட இயலாது. ஒவ்வொரு சுருளும் தனிப்பொருளாக இருந்து தன் அடையாளத்தைத் தானே காத்தது. எண்ணிமக் கோப்புக்கு அவ்வாறான உடல் இல்லை. அதன் இடமும் பெயருமே அதற்கு முகவரி. முகவரி ஒன்றாகும்போது முன்னது மறைகிறது. பின்னாளில் வந்த இயங்குதளங்கள் இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொள்ளும் மூன்றாம் தெரிவை வழங்கியதும், இரண்டாம் கோப்பின் பெயருக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணைச் சேர்த்ததும் இக்குறையை உணர்ந்தமையாலேயே ஆகும்.

மூவகை மயக்கம்

தொகுப்பாளர் பலரும் இரட்டைக் கோப்பு என ஒரே சொல்லாற் குறிப்பிடுவன உண்மையில் மூன்று வேறு நிலைகளாகும். முதலாவது, ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் இருத்தல். மேலே கூறிய என் இழப்பு இவ்வகையது. இரண்டாவது, ஒரே படம் பல பெயர்களில் இருத்தல். வாட்ஸ்அப் வழி வரும் படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அச்செயலி இடும் பெயரிலுள்ள நாள், படம் எடுக்கப்பட்ட நாளன்று, பெறப்பட்ட நாளாகும். ஒரே படத்தை மூவர் மூன்று நாள்களிற் பெறின், அதற்கு மூன்று பெயர்கள் உண்டாகும். அன்றியும், அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு அதன் உள்தகவல்களும் நீக்கப்படுவதால், அவை மூலத்தின் நேர்ப்படியும் அல்ல. மூன்றாவது, கண்ணுக்கு ஒரே பெயராகத் தோன்றுவன கணினிக்கு வேறு பெயர்களாக இருத்தல். இம்மூன்றாம் வகை தமிழ்த் தொகுப்புகளுக்குத் தனி முக்கியத்துவம் உடையது.

முதல் வகைக்கு மருந்து பெயரை மாற்றுதல். இரண்டாம் வகைக்கு மருந்து ஒப்பிட்டுப் பார்த்தல். மூன்றாம் வகைக்கு மருந்து எழுத்துக்குறிகளைச் சீர்ப்படுத்தல். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு இடின் கேடு விளையும். ஒரே பெயருடையனவெல்லாம் மிகை என்று கருதி அழிப்பவர் வெவ்வேறு படங்களை இழப்பர்.

தமிழில் எழுதிய பெயர்கள்

1990களில் புலம்பெயர் நாடுகளில் பாமினி போன்ற எழுத்துருக்களே பெருவழக்கில் இருந்தன. அவற்றில் தட்டச்சிட்ட பெயர், ஆவணத்தினுள் தமிழாகத் தோன்றினும், கோப்புறைப் பட்டியலில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றியது. ஆகையால் அக்காலத் தொகுப்புகளில் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் ஆங்கில எழுத்திலேயே இடப்பட்டன. ஒரே ஊர் நான்கு வகை எழுத்துக்கூட்டலில் வருவதை இன்றும் காணலாம்.

1991இல் வெளியான யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இயங்குதளங்கள் அதனைப் படிப்படியாக ஏற்றபின் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட முடிந்தது. ஆயினும் ஒரு நுட்பமான மயக்கம் உடன்வந்தது. கொ, கோ, கௌ ஆகிய எழுத்துகளின் உயிர்க்குறிகளை யூனிகோட்டில் இருவகையாக எழுதலாம். ஓகாரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக்குறியையும் அதனைத் தொடரும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று தரவிதி கூறுகிறது. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பைட்டு அளவில் அவை வேறு. 1998இல் ஆப்பிள் நிறுவனம் கொணர்ந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவிற் சேமித்தது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளின் வழக்கமான கோப்புமுறைகள் தட்டச்சிட்டவாறே சேமித்தன. ஆகவே கோயில் என்று பெயரிட்ட கோப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்று திரும்பும்போது, ஒரே கோப்புறையில் கோயில் என்னும் பெயரில் இரு கோப்புகள் நிற்கக்கூடும். தேடினால் ஒன்றே அகப்படும்.

இம்மயக்கத்தை நியமமாக்கல் என்னும் முறையாற் களையலாம். ஆனால் அதற்கும் அடங்காத ஒன்று உண்டு. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவிற் காட்சிதரும். இவற்றைத் தரவிதி நிகரென ஏற்பதில்லை. ஆதலின் நியமமாக்கலும் இவற்றை இணைப்பதில்லை. கோயில்களின் பெயரும் ஆட்பெயரும் ஸ்ரீ என்று தொடங்கும் தொகுப்புகளில் இது சிறிய செய்தியன்று.

நீளமும் கருதத்தக்கது. லினக்ஸ் கோப்புமுறைகளில் பெயரின் உச்ச அளவு பொதுவாக 255 பைட்டு. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு தேவைப்படுவதால், 85 குறிகளுக்குள் பெயர் முடியவேண்டும். கு என்னும் ஓரெழுத்தே இரு குறிகளைக் கொள்வதாகலின், விழா, இடம், நாள், ஆள் அனைத்தையும் பெயரில் அடக்க முயல்வோர் விரைவில் எல்லையை எட்டுவர்.

நேரமும் சுருக்கக்குறியும்

பெயர் போதாதபோது நேரத்தை நாடுவது இயல்பு. 1995இல் முதற்பதிப்புக் கண்ட எக்சிஃப் தரவிதி, படம் எடுத்த நாளையும் நேரத்தையும் கோப்பினுள்ளேயே பதிய வழிசெய்தது. அந்நேரத்தையே பெயராக்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. எனினும் நேரவலயத்தைப் பதியும் இடம் 2016இல் வந்த 2.31 பதிப்பிலேயே அத்தரவிதியிற் சேர்ந்தது. 2003இல் இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணி முந்தியது. 2006 ஏப்ரலில்தான் அது ஐந்தரை மணியாயிற்று. தொறன்ரோவின் கோடை நேரமோ பொது நேரத்துக்கு 4 மணி பிந்தியது. நான் கமெராவின் கடிகாரத்தை மாற்றியிருந்தேன், தமையனார் மாற்றவில்லை. கட்டுநாயக்காவில் காலை 8 மணிக்கு இருவரும் அருகருகே நின்று எடுத்த படங்கள், அவர் கமெராவின்படி முந்திய இரவு 10 மணிக்கு எடுக்கப்பட்டனவாகும். நேரத்தைக் கொண்டு இரு தொகுப்புகளையும் இணைத்தால் பெயர் மோதல் நீங்கும். நிகழ்ச்சி வரிசை பிறழும்.

இன்னொரு வழி, கோப்பின் உள்ளடக்கத்தையே கணித்து ஓர் அடையாளம் பெறுதல். ஹாஷ் என வழங்கும் இச்சுருக்கக்குறி, கோப்பின் ஒரு பைட்டு மாறினும் முற்றிலும் வேறாகும். 1992இல் வெளியான ரொனால்டு ரிவெஸ்டின் எம்.டி.5 இவ்வகையிற் பெரிதும் பயின்றது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே குறியை வேண்டுமென்றே உண்டாக்க இயலும் என்பது 2004இல் அதற்கும், 2017இல் எஸ்.எச்.ஏ.-1 முறைக்கும் மெய்ப்பிக்கப்பட்டது. இன்று எஸ்.எச்.ஏ.-256 பரிந்துரைக்கப்படுகிறது. இரு கோப்புகள் நேர்ப்படிகளா என்பதை இதனால் ஐயமற அறியலாம். ஆயினும் மூலப்படமும் அதன் சுருங்கிய படியும் ஒரே காட்சியையே காட்டினும் வேறு குறிகளையே பெறும். ஒரே காட்சியா என்று தீர்மானிக்க, பார்த்து அறியும் மனிதக் கண் இன்னும் வேண்டப்படுகிறது.

தமிழ் மரபில் பெயர் வேறுபடுத்தல்

பெயர் மயக்கம் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் ஒரே பெயருடைய புலவரைப் பிரித்தறியவேண்டிய நிலையில் இருந்தனர். கபிலரினின்று தொல்கபிலரையும், பரணரினின்று வன்பரணரையும் அடைமொழி வேறுபடுத்துகிறது. நக்கீரனாருக்கு மதுரைக் கணக்காயனார் மகனார் என ஊரும் தந்தையும் சேர்க்கப்பட்டன. பெயர் அறியப்படாதபோது பாடலின் தொடரே பெயராயிற்று. குறுந்தொகையின் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார் ஆகியோர் இவ்வாறு பெயர்பெற்றோர். முன்னொட்டு, தோற்றுவாய், உள்ளடக்கம் என்னும் மூன்று வழிகளையும் தொகுப்பாளர் அறிந்திருந்தனர் எனலாம்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே பெயர் தாங்கிய ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டார். பெயர் ஒன்றாயினமையால் ஒன்றை வைத்து மற்றவற்றை ஒதுக்கவில்லை. பாடவேறுபாடுகளை ஆராய்ந்ததோடு, பிரதிகளை உதவியோர் இன்னார் என்பதையும் தம் பதிப்புகளில் பதிவு செய்தார். ஏட்டின் அடையாளம் அதன் தலைப்பில் மட்டும் இல்லை. அது எவரிடமிருந்து வந்தது என்பதிலும் உள்ளது என்னும் தெளிவு அச்செயலில் அமைந்திருக்கிறது.

சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். இரங்கநாதன் இதனைக் கோட்பாடாக்கினார். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறையில் நூலின் அழைப்பெண் பகுப்பெண், நூலெண், தொகுப்பெண் என்னும் பகுதிகளை உடையது. ஒரே பொருள் பற்றிய நூல்களை நூலெண் பிரிக்கிறது. ஒரே நூலின் படிகளைக்கூடத் தனித்துக் குறிக்க அதனுள் இடமுண்டு. தலைப்பு வாசகருக்கு உரியது, அழைப்பெண் இருப்பிடத்துக்கு உரியது. ஒன்றின் பணியை மற்றொன்றின்மேற் சுமத்தலாகாது. 1995இல் வகுக்கப்படத் தொடங்கிய டப்ளின் கோர் விவரணத் தரத்திலும் தலைப்பு, அடையாளங்காட்டி, மூலம் என்பன தனித்தனிக் கூறுகளாகவே உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தலைப்போடு ஒரு நூலக எண்ணையும் வழங்குகிறது.

கைக்கொள்ளத்தக்க நெறி

மேற்கூறியவற்றிலிருந்து ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் பெறப்படுகின்றன. இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டியதில்லை.

முதலாவதாக, ஒவ்வொருவர் தரும் அட்டையையும் கைப்பேசித் தொகுதியையும் அவரவர்க்குரிய தனிக் கோப்புறையில் இடுதல் வேண்டும். இணைத்தல் என்பது பின்னர்ச் செய்யவேண்டிய பணி. மூல அட்டையை, இரண்டு இடங்களிற் படி எடுத்து எண்ணிக்கையைச் சரிபார்க்கும்வரை அழித்தலாகாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சேர்க்கை எண் வழங்கவேண்டும். வழங்கியவரின் குறி, பெற்ற ஆண்டு, வரிசை எண் ஆகிய மூன்றும் அதற்குப் போதும். வரிசை எண்ணை நான்கு இலக்கத்தோடு நிறுத்தாது ஆறு இலக்கமாக அமைத்தல் நன்று. சாய்கோடு கோப்புப்பெயரில் இடம்பெற இயலாதாகையால், பட்டியலிற் சாய்கோடு இடுவோர் கோப்புப்பெயரில் அதற்கு ஈடாக அடிக்கோட்டை இடலாம்.

மூன்றாவதாக, கமெரா இட்ட பழைய பெயரைப் பட்டியலில் ஒரு பத்தியாகப் பேணவேண்டும். அப்பெயர் பயனற்ற எண் என்று கருதுதல் தவறு. 0412ஐ அடுத்து 0415 வருமாயின் இடையில் இரு படங்கள் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. வரலாற்றாய்வாளருக்கு இல்லாத படமும் செய்தி கூறும். பெயரை மாற்றிப் பழையதைப் பதியாது விடுவோர் அச்சான்றை அழிக்கின்றனர்.

நான்காவதாக, எப்படத்தையும் மிகையென்று நீக்குமுன் சுருக்கக்குறியைக் கொண்டு ஒப்பிடவேண்டும். குறி வேறாயின் நீக்கலாகாது; பெரிய அளவினதும் உள்தகவல் உடையதுமான கோப்பை மூலமாகக் கொண்டு, மற்றதை அதன் வழிப்படி எனக் குறிக்கவேண்டும்.

ஐந்தாவதாக, தமிழ்ப் பெயர்களும் விளக்கங்களும் நியமமாக்கிய வடிவில் பட்டியலில் இடம்பெறவேண்டும். கோப்புப்பெயர் எண்ணாக இருப்பதனால் தமிழுக்கு இழுக்கில்லை. எல்லையற்ற இடம் பட்டியலில் இருக்கும்போது, 85 குறிகளுக்குள் அதனை நெருக்கவேண்டியதில்லை. படத்தில் நிற்போர் இன்னார், இவ்வூர், இன்ன உறவு என்று தமிழில் விரிவாக எழுதத்தக்க இடம் அதுவே.

முடிவுரை

கோப்புப்பெயர் ஓர் அட்டையின் தேவைக்காகப் பிறந்தது. அதனைக் குடும்பத்தின், சமூகத்தின் நினைவுக்கு அடையாளமாக ஏற்றது நம் பிழை. முதல் எண்ணிமக் கமெராக்கள் பரவிய ஆண்டுகளிலேயே நம்மவர் பலர் நெடுநாள் காணாதிருந்த ஊர்களுக்குச் சென்று வந்தனர். அவர்கள் பதிவு செய்த வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் பின்னர் ஆழிப்பேரலையிலும் 2009 மே வரை நீடித்த போரிலும் அழிந்தன அல்லது உருமாறின. காகிதத்தில் அச்சிடப்படாத அப்படங்கள் இன்றும் பழைய குறுவட்டுகளிலும் வன்தட்டுகளிலும், ஆயிரம் வீடுகளில் ஒரே பெயரோடு கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் முயற்சி இனிமேல்தான் பெருகவுள்ளது. சேர்க்கும் கையே அழிக்கும் கையாகிவிடாதிருக்க, முறை முதலில் வகுக்கப்படவேண்டும்.

இம்மாநாட்டின் அமர்வுகளையும் பேராளர் பலர் தத்தம் கைப்பேசிகளிற் பதிவு செய்கின்றனர். அவை ஓரிடத்திற் சேரும்போது எடுத்தவர் பெயரும் மூலக் கோப்புப்பெயரும் காக்கப்படுமாயின், அதுவே மேற்கூறிய நெறிக்கு நல்லதொரு தொடக்கமாகும். எம் தாயார் தம் பிறந்த வீட்டின் படத்தைக் காணாமலே 2011இல் மறைந்தார். அதே கோடையில் அவ்வழி சென்ற வேறெவரேனும் அவ்வீட்டைத் தம் கமெராவிற் பதிந்திருக்கக்கூடும். அப்படமும் இன்று எங்கோ 0001க்கும் 0187க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைத் தாங்கி இருக்கலாம்.